நடக்காத திருட்டுகளின் கணக்கு: ஒரு தோட்ட நகரத்து சார்ஜன் பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம். ஒரு பக்கம் கித்தா (ரப்பர்), மறுபக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை), நடுவில் இரண்டு வரிசைக் கடைகள், ஒரு மாரியம்மன் கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு போலீஸ் நிலையம். அந்த நிலையத்தில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற சார்ஜன் ஒருவருக்கு விழா எடுப்பது என்று கோவில் நிர்வாகமும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் குழுவும் சேர்ந்து முடிவு செய்தன. பாராட்டுப் பத்திரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் உயிரோடு இருக்கும்வரை ஊரில் எல்லாப் பத்திரமும் அவன்தான் எழுத வேண்டும்; கல்யாண வாழ்த்துமடல் உட்பட.

முதல் வரைவை ஒரே இரவில் முடித்துவிட்டேன். வீரம், தியாகம், கடமை தவறாத, குற்றவாளிகளுக்குச் சிம்ம சொப்பனம் என்று வழக்கமான சொற்கள். அவர் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“சார், இதுல நான் பிடிச்சவனுங்கதான் இருக்கானுங்க. பிடிச்சவன்ல எத்தனை பேரு திரும்பவும் அதே வேலைக்குப் போனான்னு எனக்குத் தெரியும். அதுக்கா மாலை போடுறீங்க?”

அப்படியானால் எதற்குப் போடுவது என்று கேட்டேன். “அதை ஊர்ல கேளுங்க” என்றார். அவர் மனைவி கொண்டு வந்து வைத்த தேநீர் ஆறும்வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி என்று விழாவைத் தள்ளி வைத்தோம். நாங்கள் நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து கடைக்காரர்கள், கோவில் ஆட்கள், தோட்டத்துக் கிராணிகள் (எழுத்தர்கள்), செம்பனைப் பழம் நிறுக்கும் இடத்தின் முதலாளி, பழைய மாணவர்கள், சார்ஜன் கவனித்து வந்த பையன்களின் தாய்மார்கள் என்று பலரிடமும் பேசினோம். அதிலிருந்து கிடைத்ததுதான் இந்த எழுத்து. சார்ஜனின் பெயரைப் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார். மற்றவர்கள் பெயரையும் போடவில்லை. சின்ன ஊர்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் சொல்கிறது. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் போலீஸ் படையின் கடமைகளைச் சொல்லும்போது, சட்டம் ஒழுங்கு, நாட்டின் அமைதி, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அடுத்து குற்றத்தைத் தடுப்பதையும் கண்டுபிடிப்பதையும் வைக்கிறது. தடுப்பது முதலில், கண்டுபிடிப்பது பிறகு. 1829இல் லண்டன் போலீஸ் தொடங்கியபோது அதன் ஆட்களுக்குக் கொடுத்த கட்டளைப் புத்தகமும், முதன்மை நோக்கம் குற்றத்தைத் தடுப்பதே என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் பதவி உயர்வுக்கும் பதக்கத்துக்கும் காட்ட வேண்டியது பிடித்த ஆட்களின் எண்ணிக்கை. நடக்காத திருட்டுக்கு யார் புகார் கொடுப்பார்கள்? புகார் இல்லையென்றால் கோப்பு இல்லை. கோப்பு இல்லையென்றால் பத்திரத்தில் எழுத என்ன இருக்கிறது? என் முதல் வரைவு அப்படி அமைந்ததற்குச் சோம்பல் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

வேலியும் அடையாள அட்டையும்

தோட்டத்து ஜனங்களுக்கும் போலீசுக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வாசலில் நின்றார்கள். என் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகும்போது சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போவாராம், காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதே என்று. அடையாள அட்டை வந்ததும் அதே 1948இல்தான். 12 வயது ஆனவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆக, எங்கள் ஜனங்களுக்குப் போலீஸ் என்றால் வேலி, சோதனை, அட்டை. பிற்காலத்தில் அதோடு லாக்கப்பும் சேர்ந்துகொண்டது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்த தமிழ் இளைஞர் ஒருவர் இறந்தபோது எங்கள் ஊர்க் காப்பிக் கடையில் பல நாள் வேறு பேச்சே இல்லை. அதற்கு முன்பே, 2005இல், போலீஸ் படையைச் சீரமைக்க அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகள் கொடுத்திருந்தது. அவற்றில் பெரிதாகப் பேசப்பட்டது போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது. அது எத்தனை வருடம் இழுபட்டது என்று ஊருக்கே தெரியும். ஒரு போலீஸ்காரருக்கு மாலை போடப் போகிறோம் என்றதும் குழுவில் ஒருவரே, “யோசிச்சுத்தான் பேசுறீங்களா?” என்று கேட்டதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

‘புவாங் டேரா’ வந்த பையன்

சார்ஜன் எப்போது மாறினார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவர் சொன்னது இது. அவர் கார்ப்பரலாக இருந்த காலம். 1969ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் கீழ் ஒருவனை நீதிமன்ற விசாரணை இல்லாமல் இரண்டு வருடம் வரை அடைத்து வைக்கலாம். ஜொகூரில் சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாம் என்றால் எல்லாருக்கும் புரியும். வெளியே விட்டபிறகும், சொந்த ஊருக்குப் போகாமல் வேறொரு வட்டாரத்தில் இரு என்று அனுப்பலாம். அதற்கு ஊரில் பேர் ‘புவாங் டேரா’. அப்படி எங்கள் ஊருக்கு ஒரு இளைஞன் வந்தான். நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், ராத்திரி வெளியே போகக் கூடாது. சொந்தம் இல்லை, வேலை இல்லை. எவன் வேலை கொடுப்பான்? கையெழுத்துப் புத்தகம் நம் சார்ஜனிடம்.

“வாரா வாரம் வந்து ஒழுங்கா கையெழுத்துப் போட்டான். நானும் ஒழுங்கா தேதி எழுதினேன். வருஷம் முடியிறப்போ நம்ம பையன்க ஏழெட்டுப் பேரு அவன் பின்னால நின்னானுங்க. புத்தகம் மட்டும் சுத்தமா இருந்துச்சு.”

எந்த ஊரில் பிரச்சினையோ அங்கிருந்து பிடுங்கி, பிரச்சினை இல்லாத ஊரில் நட்டுவிட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்த அவசரச் சட்டத்தை நீக்க 2011இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. இரண்டு வருடம் கழித்து, 1959ஆம் ஆண்டு குற்றத்தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணை இல்லாத காவலை வேறு வாசல் வழியாகக் கொண்டு வந்தார்கள். அது வேண்டும் என்கிற போலீஸ்காரர்கள் நிறைய. சார்ஜன் அதைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லவில்லை, கையெழுத்துப் புத்தகத்தைப் பற்றி மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கினாராம். அதைப் பற்றிப் பிறகு.

இரண்டு ஏக்கரில் மூன்று டன்

இந்த ஆய்வில் எங்களுக்கு அதிகம் கிடைத்தது செம்பனைக் குலைத் திருட்டு விஷயம்தான். காகிதத்தில் ஆதாரம் உள்ளதும் இது ஒன்றுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

2020 மார்ச் 18 முதல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. எல்லை மூடியாகிவிட்டது, புதிதாக வெளிநாட்டு ஆட்கள் வர வழியில்லை. தோட்டத்தில் பழம் வெட்ட ஆளில்லை. குலைகள் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தன. அதே நேரம் விலை ஏறிக்கொண்டே போனது. 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது, அதுவரை நாடு பார்க்காத விலை. குலை விலையும் கூடவே ஏறி டன் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போனது. ஒரு குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் குறைந்தது 20 வெள்ளி. மோட்டாரில் கூடை கட்டி ராத்திரிக்குப் பத்துக் குலை எடுத்தால் 200. அந்த வருடம் மே மாதம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. எட்டு ராத்திரி வேலை செய்தால் ஒரு மாதச் சம்பளத்தையே தாண்டிவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டைவிட்ட என் பழைய மாணவர்கள்கூட இந்தக் கணக்கைப் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள்.

நிலையத்து ஆட்கள் முதலில் வழக்கமான வழியில் போனார்கள். ராத்திரி ரோந்து போய் இரண்டு மூன்று தடவை பிடித்தார்கள். பிடித்த பையன்களின் இடத்துக்கு வேறு பையன்கள் வந்தார்கள். சார்ஜன் கேட்ட கேள்வி வேறு: “குலையை வீட்ல வச்சுச் சமைக்கவா முடியும்? எவனாச்சும் வாங்கணுமே.”

செம்பனைக் குலையை உரிமம் இல்லாமல் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கும் மலேசிய செம்பனை வாரியத்தின் உரிமம் வேண்டும். விற்கப் போகும்போது அந்த எண் பதிவாகும். வாங்குகிறவர் எவ்வளவு வாங்கினார் என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். அப்படியிருக்க, திருட்டுக் குலை எந்த எண்ணில் போகிறது?

சார்ஜன் சாயங்காலங்களில் பழம் நிறுக்கும் இடத்துக்கு எதிர்க் கடையில் போய் உட்கார்ந்தார். சீருடையில்தான். ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இப்படி ஒரு வாரம் ஓடியது. முதலாளியே எழுந்து வந்து, “என்ன சார்ஜன், ஏதாச்சும் பிரச்சினையா?” என்றாராம். அந்த முதலாளி எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இது. அவருக்கும் வேறு வழி தெரியாமல் இருந்திருக்கிறது. கேள்வி கேட்டால் பையன்கள் அடுத்த ஊருக்குப் போவார்கள், அவருக்கு வியாபாரம் போய்விடும்.

இருவரும் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்தார்கள். நாட்டின் சராசரி விளைச்சல் அந்த வருடங்களில் ஹெக்டருக்கு 15, 16 டன். இரண்டு ஏக்கர் என்பது 0.8 ஹெக்டர். வருடத்துக்குப் பன்னிரண்டு டன் சொச்சம், அதாவது மாதம் ஒரு டன். நன்றாக உரம் போட்டால் கொஞ்சம் கூடும். பதிவேட்டில் இரண்டு ஏக்கர்க்காரர் ஒருவரின் எண்ணில் மாதம் மூன்று டன் ஏறியிருந்தது. அவரோ கண் தெரியாத கிழவர். தன் உரிம எண்ணைப் பேரனின் கூட்டாளிகள் உபயோகிப்பது அவருக்குத் தெரியாது.

இங்கே சார்ஜன் செய்ததை எங்கள் குழுவிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கிழவர் மேல் வழக்குப் போடவில்லை. பேரனை நிலையத்துக்கு இழுக்கவில்லை. ஒவ்வொரு உரிம எண்ணுக்குப் பக்கத்திலும் ஏக்கரை எழுதி ஒரு தாள் ஒட்டச் சொன்னார். ஏக்கருக்கு மாதம் அரை டன்னுக்கு மேல் வந்தால் முதலாளி, “நிலத்துக்காரர் நேரில் வரட்டும்” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிறகு தோட்டத்து நிர்வாகத்திடம் பேசி, வெட்டிய குலைகளை ராத்திரி சாலையோரத்தில் விட்டு வைக்காமல் அன்றைக்கே ஏற்றச் செய்தார். லோரி ஓட்டுநருக்குக் கூடுதல் சம்பளம் கேட்டார்கள் என்று நிர்வாகம் முனகியிருக்கிறது.

திருட்டு நின்றதா? எங்கள் ஊரில் பெரும்பாலும் நின்றது. முதலாளியின் பதிவேட்டில் அந்த மூன்று டன் எண் இரண்டு மாதத்தில் முக்கால் டன்னுக்கு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கொஞ்சம் பழம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும் என்று சார்ஜனே சொல்கிறார். விலையும் அந்த வருடம் பாதிக்குப் பிறகு மடமடவென்று இறங்கியது. தாள் ஒட்டியதால் எவ்வளவு, விலை இறங்கியதால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. விழா மேடையில் பேசியவர்கள் முழுவதையும் சார்ஜன் கணக்கிலேயே எழுதினார்கள். அது மேடைப் பழக்கம்.

1979இல் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கருத்து குற்றவியலில் பிரபலம். செய்யத் துணிந்த ஆள், எடுக்கத் தகுந்த பொருள், காவல் இல்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால்தான் குற்றம் நடக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் போதும். எங்கள் சார்ஜன் அதைப் படித்ததில்லை. அவருக்குத் தெரிந்தது நான்காவதாக ஒன்று: வாங்குகிறவன்.

சம்பள நாள் வழிப்பறியிலும் இதே வேலைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். ஆகவே ஆறாம் தேதி, ஏழாம் தேதி என்றால் ஏடிஎம் வாசலில் நீள வரிசை இருக்கும். அதில் பாதி வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள். பணத்தோடு செம்பனைக்குள் இருக்கும் குறுக்குப் பாதையில் நடந்து திரும்புவார்கள். விளக்கு எரியாது. அவர்கள் புகார் கொடுக்கவும் மாட்டார்கள், பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கும். சார்ஜன் அந்த இரண்டு நாளும் தோட்டத்து லோரியை ஏடிஎம் பக்கம் நிற்க வைத்தார். விளக்குக் கம்பங்களின் எண்களை எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தார். கம்பத்து எண் இல்லாமல் புகார் கொடுத்தால் ஒன்றும் நடக்காது என்பது விளக்குக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும்.

ஐசி கேட்காத முதலாளி

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோத ரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று பலவற்றின் பெயரே வெறும் எண். பெற்றோர்கள் பத்திரிகையைப் பார்த்துப் பயந்தார்கள். என் வகுப்பில் முன்பு படித்த ஒரு பையன் அந்தப் பக்கத்தை வெட்டிக் கைப்பேசி உறைக்குள் வைத்திருந்தான். தன் எண் பேப்பரில் வந்துவிட்டதில் அவ்வளவு பெருமை.

அந்தப் பையனுக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லை. லயத்தில் பிறந்தவன். அப்பா அம்மா கோவிலில் தாலி கட்டிக் குடும்பம் நடத்தியவர்கள். 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தால்தான் செல்லும். பதியாவிட்டால் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு. தாயிடமும் சரியான பத்திரம் இல்லையென்றால் பிள்ளை எந்த நாட்டுக்காரன் என்றே முடிவாகாது. 12 வயதில் மைகாட் என்ற அந்த அட்டையை எடுக்க எல்லோரும் போகும்போது இவன் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். ஐசி இல்லாமல் லைசென்ஸ் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, இபிஎஃப் (சேமநிதி) கட்டுகிற வேலை இல்லை. ஐசி கேட்காமல் ஆள் சேர்க்கிற ஒரே முதலாளி கும்பல்தான்.

2011 பிப்ரவரியில் அரசாங்கம் ‘மைடஃப்தார்’ என்று ஓர் இயக்கம் நடத்தி இந்தியர்களின் விண்ணப்பங்களை வாங்கியது. சார்ஜன் அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆட்களைத் தன் காரில் ஏற்றிப் போனார். இயக்கம் முடிந்தபிறகும் அவர் விடவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சிக் கிழவியைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைப்பது, பழைய தோட்டத்து ஆயக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) பதிவேட்டைத் தேடுவது, தொலைந்த பத்திரத்துக்குப் போலீஸ் ரிப்போர்ட் எழுதுவது, தேசியப் பதிவிலாகாவில் எண் வாங்கிக் காத்திருப்பது என்று எல்லாவற்றுக்கும் கூடவே நின்றார். பேப்பர் வெட்டி வைத்திருந்த அந்தப் பையனுக்கு ஐசி வரப் பல வருடம் ஆனது. வந்ததும் கியாட் மாரா தொழிற்பயிற்சி மையத்தில் சேர்ந்து வெல்டிங் படித்தான். இப்போது ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலை. விழாவுக்கு வந்து பின்வரிசையில் நின்றான். மேடைக்குக் கூப்பிட்டோம், வரவில்லை.

1948இல் தோட்டத்துக்காரனைக் கண்காணிக்க வந்த அட்டை, அறுபது வருடம் கழித்து இல்லாமல் போனதால் பையன்களைக் கெடுத்தது. இதை நான் பத்திரத்தில் எழுதினேன். குழுத் தலைவர் அடித்துவிட்டார், நீளமாம். அதனால் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஒரு சாவு ஊர்வலம்

ஒரு பையன் மோட்டார் விபத்தில் இறந்தான். கும்பல்காரன். பாராங்குக்கு (வெட்டுக்கத்திக்கு) பலியாகாமல் லோரியில் அடிபட்டுச் செத்ததால் பழிவாங்கும் பேச்சு இல்லை. ஆனாலும் ஊர்வலம் என்றால் எண் போட்ட பேனர், எண் போட்ட டி-சட்டை, முன்னால் ஐம்பது மோட்டார் என்றுதான் போகும். அந்த ஊர்வலம் எதிர்க் கும்பல் இருக்கிற தாமான் (குடியிருப்பு) வழியாகப் போனால் மறுநாள் இரண்டாவது சாவு.

சார்ஜன் முதல் நாள் ராத்திரி சாதாரணச் சட்டையில் சாவு வீட்டுக்குப் போய்த் தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே இருந்தவர்கள் சொன்னது: முதல் ஒரு மணி நேரம் அவர் பேனரைப் பற்றிப் பேசவே இல்லை. மயானத்தில் விறகு சொல்லியாச்சா, ஐயருக்கு வண்டி போகுதா, சாப்பாடு யார் வீட்டில் என்றுதான் கேட்டார். அப்புறம் உருமி மேளம் யாருடையது என்று கேட்டார். கும்பல் பணத்தில் வெளியூர் மேளம் வருவதாகச் சொன்னார்கள். “நம்ம கோவில் பையன்க அடிக்கட்டும் மாமா, அவன் சின்ன வயசுல இவனுங்ககூடத்தானே அடிச்சான்” என்றார். தாய்மாமன் சரி என்றார். மேளம் மாறியதும் பணம் கொடுத்தவர்களின் பிடி தளர்ந்தது. பேனரை வேண்டாம் என்று தாயே சொல்லிவிட்டார். ஊர்வலம் நாலு மணிக்கு முன்பே பின்தெரு வழியாகப் போய்விட்டது.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நிலையத்தின் அந்த நாள் டைரியில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம்.

அறைந்தது

குழுவில் பெரிய சண்டை இதை எழுதுவதா வேண்டாமா என்பதில்தான். ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: தன் மகனைக் கடைத்தெருவில், எல்லோரும் பார்க்க, சார்ஜன் கன்னத்தில் அறைந்தார். பையனுக்கு வயது பதினைந்து. சிகரெட்டுக்காகவோ பேச்சுக்காகவோ, காரணம் அவருக்கே நினைவில்லை. அவமானத்தில் பையன் அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? புகாரை வாங்குகிறவரே அவர்தானே.

பாராட்டுப் பத்திரத்தில் இதற்கு இடமில்லை என்றார் தலைவர். கோவில் செயலாளர், “அந்தக் காலத்துல எல்லா அப்பனும் அடிச்சான்” என்றார். அப்பன் அடிப்பதும் சீருடை அடிப்பதும் ஒன்றல்ல என்று நான் சொன்னேன். சொல்லும்போதே வகுப்பில் நான் தூக்கிய பிரம்பு ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு மேல் சத்தம் போடவில்லை.

சார்ஜனிடமே கேட்டோம். மறுக்கவில்லை. “அடிச்சேன். அந்தப் பையன் இப்ப சிறையில இருக்கான். நான் அடிக்கலைன்னா போயிருக்க மாட்டான்னு சொல்ல முடியாது. போயிருப்பான்னும் சொல்ல முடியாது. எழுதுங்க” என்றார். பத்திரத்தில் வரவில்லை, இங்கே வருகிறது. அந்த அம்மாவுக்கு விழா அழைப்பிதழை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார். வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன காரியங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அவர் ஒரே ஊரில் நெடுங்காலம் இருந்ததுதான். போலீசில் ஒருவரை ஒரே இடத்தில் விட்டால் கை நீளும் என்பதால் மாற்றுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மூன்று வருடத்தில் மாறிப் போகிறவருக்கு எந்தக் கிழவரின் உரிம எண் யாரிடம் இருக்கிறது என்று தெரியாது, எந்தப் பையன் சின்ன வயதில் யாரோடு உருமி அடித்தான் என்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் எது சரி என்று எனக்கு விளங்கவில்லை. எங்களுக்கு வாய்த்தவர் கை நீட்டாதவர். பணத்துக்கு, அதாவது.

விழாவும் நோட்டும்

விழா கோவில் மண்டபத்தில் நடந்தது. பொன்னாடை, மாலை, சட்டம் போட்ட பத்திரம். டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வீரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பிஜேகே என்ற மாநிலப் பதக்கத்துக்குப் பரிந்துரை செய்யலாம் என்றார், கைதட்டினார்கள். பிறகு நான் பத்திரத்தைப் படித்தேன். பழம் நிறுக்கும் இடத்துத் தாள், லோரி, ஆயக்கொட்டகைப் பதிவேடு என்று வரிசையாக வர, கூட்டத்தில் முதலில் ஒரு குழப்பம். விளக்குக் கம்பங்களின் எண்களைப் படித்தபோது சிரித்தார்கள். நாலாவது எண்ணில், “அது எங்க வீட்டு முன்னால உள்ளது!” என்று ஒரு பெண் கத்தினார். அதற்குப் பிறகு நன்றாகக் கேட்டார்கள்.

நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். அறுபது பக்க நோட்டு, அட்டையில் திருக்குறள். ஓய்வுபெற்றபோது அதை நிலையத்தில் கொடுப்பதா என்று என்னிடம் கேட்டார். அதில் பாதிப் பக்கங்களில் பையன்களின் பெயர்கள். யார் யாரோடு சுற்றுகிறான், யார் வீட்டில் சோறில்லை, யாருக்கு ஐசி இல்லை. அவர் கையில் இருக்கும்வரை அது ஒரு மாமன் வைத்திருக்கிற கணக்கு. கோப்பில் சேர்ந்துவிட்டால் அது சந்தேகப் பட்டியல். இரண்டு பேரும் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தோம். அவர் மனைவி அடுப்பில் போட்டார். கிழிக்கும்போது ஒரு பெயரில் மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிழித்தார். யார் என்று நான் கேட்கவில்லை.

மீதிப் பக்கங்களில் கம்பத்து எண்கள், குறுக்குப் பாதைகள், உரிம எண்ணும் ஏக்கரும், எந்தக் கடையின் பின்கதவுக்குப் பூட்டு சரியில்லை, சம்பளத் தேதிகள், உருமிக் குழுக்காரர்களின் பெயர்கள். அதை நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கிளந்தான்காரக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். பாதி மலாய், பாதி தமிழ், நடுநடுவே அவருக்கு மட்டுமே புரிகிற சுருக்கெழுத்து. அந்தப் பையன் வியாழக்கிழமைகளில் பணி முடிந்து என் வீட்டுக்கு வருகிறான். நான் தமிழை மலாயில் சொல்கிறேன், அவன் வேறு நோட்டில் எழுதிக்கொள்கிறான். எனக்கும் புரியாத இடம் வந்தால் சார்ஜனுக்குப் போன் போடுகிறோம். பதினாறாம் பக்கம் வந்திருக்கிறோம். போன வாரம் ‘மா.வே.கி.’ என்ற ஒரு சுருக்கத்தில் நின்றுவிட்டது. போன் போட்டோம். மாரியம்மன் கோவில் வேப்பமரத்துக்குக் கிழக்கே உள்ள விளக்காம். இருவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். எரியவில்லை. கம்பத்து எண்ணை அவன் எழுதிக்கொண்டான்.